ஜவ்வாது மலையின் கல்வீடுகள்... யார் அந்த முதல் தலைவன்?

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பீமன் அருவியைப் பார்ப்பார்கள். நேரமிருந்தால் காவலூர் வானியல் ஆய்வகத்தை எட்டிப் பார்ப்பார்கள். பருவமாக இருந்தால் பலாப்பழமும் சாமை அரிசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கீழ்செப்பிலி பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. அங்கே, பாறைக் குன்றின் மேல், கல்லாலேயே கட்டிய சிறு சிறு வீடுகள் கூட்டமாக நிற்கின்றன.

நாலு பக்கமும் பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரு பெரிய கல். பலவற்றில் ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. அதற்குள் ஒரு குழந்தை வேண்டுமானால் நுழையலாம், வளர்ந்த ஆள் நுழைய முடியாது. அதனால்தானோ என்னவோ, மலைமக்கள் இவற்றைக் 'குள்ளர் குகை' என்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த மலையில் குள்ளமான மனிதர்கள் வாழ்ந்தார்களாம், அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளாம் இவை. தமிழ்நாட்டின் வேறு ஊர்களில் இதே மாதிரிக் கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்பார்கள்.

தொல்லியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கற்திட்டை. வாழ்ந்தவர்களுக்கான வீடு இல்லை இது, இறந்தவர்களுக்கானது. இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. அந்த வட்டத் துளைக்குப் பெயர் இடுதுளை. எலும்புகளையும் படையலையும் உள்ளே வைப்பதற்காகவும், உயிர் வந்து போவதற்காகவும் அது விடப்பட்டிருக்கலாம் என்று பல விளக்கங்கள் உண்டு.

இது வரைக்கும் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்போம். இதற்கு அடுத்த கேள்விதான் சுவையானது. ஊரில் செத்த எல்லோருக்குமா இப்படிக் கல்வீடு கட்டினார்கள்?

கல்லைத் தூக்கியவர்களுக்குச் சோறு போட்டது யார்?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு சாண் கூட இல்லாத, 15 சென்டிமீட்டர் கனம் கொண்ட ஒரு கருங்கல் பலகை. எடை சுமார் 1,200 கிலோ வரும். இதை முதலில் பாறையிலிருந்து பெயர்க்க வேண்டும். பாறை மேல் தீ மூட்டிச் சூடேற்றி, தகடு தகடாக உரித்தெடுக்கும் வித்தை நம் கல்தச்சர்களுக்குப் பழையது. பிறகு அதை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும், நிமிர்த்தி நிறுத்த வேண்டும், அதற்கு மேலே இன்னொன்றை ஏற்ற வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பலகைகள்.

ஒரு குடும்பம் மட்டும் இதைச் செய்துவிட முடியாது. பத்து இருபது பேர் பல நாள் தங்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், கள்ளும் ஊற்ற வேண்டும். அப்படியென்றால் யாரோ ஒருவரிடம், தன் வீட்டுத் தேவைக்கு மேலே தானியமும் ஆடுமாடும் இருந்திருக்கிறது. 'வாங்கப்பா' என்று கூப்பிட்டால் வருவதற்கு ஆளும் இருந்திருக்கிறது.

கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, காசு இல்லை, எழுத்து இல்லை. இருந்தாலும் அதிகாரம் என்று ஒன்று முளைக்கத் தொடங்கியிருக்கிறது. தொல்லியல் அதை இப்படித்தான் மோப்பம் பிடிக்கிறது.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. நாகாலாந்தின் அங்காமி நாகர்களிடம் மிகச் சமீப காலம் வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. வசதியுள்ளவர் ஊருக்கே பல நாள் விருந்து வைப்பார். ஊர் இளைஞர்கள் சேர்ந்து அவருக்காக ஒரு பெருங்கல்லை மரச்சட்டத்தில் கட்டி இழுத்து வந்து நட்டுவைப்பார்கள். அதன் பிறகு மற்றவர்கள் போர்த்தக் கூடாத ஒரு சால்வையைப் போர்த்தும் உரிமை அவருக்குக் கிடைக்கும். களஞ்சியத்தில் இருந்த நெல் தீர்ந்துபோகும், பதிலுக்கு மரியாதை சேரும். இந்தோனேசியாவின் சும்பா தீவில் இன்றும் கல்லறைக் கல்லை இழுக்கிறபோது எருமைகளையும் பன்றிகளையும் அறுத்து விருந்து வைக்கிறார்கள்.

ஆனால் பெரிய கல்லைக் கண்டதும் 'இதோ ஒரு தலைவன்' என்று முடிவுகட்டுவதும் அவசரம். துருக்கியில் கோபெக்லி தெபெ என்ற மேட்டில் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே பல டன் எடையுள்ள தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ராஜாவும் இல்லை, விவசாயம்கூட வேரூன்றவில்லை. ஊர் கூடி, எல்லோருக்கும் பொதுவாகவும் கல் தூக்க முடியும். ஆகவே கல்லின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. கல்லறைக்குக் கல்லறை வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஒரே கல்லறையிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அப்படி எதுவுமில்லாத கல்லறைகளும் அதே ஊரில்தான் இருந்தன.

மலையடிவாரத்தில் ஓர் ஊர்

கல்லறை இருக்கட்டும், ஊர் எங்கே? ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம், திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறைக்காக எஸ்.ஆர்.ராவ் 1964-65லும் 1967-68லும் இங்கே அகழாய்வு செய்தார். குஜராத்தின் லோத்தலைத் தோண்டிய அதே ராவ்தான்.

அடியில் கிடைத்தது புதிய கற்கால ஊர். தரையில் குழி பறித்து, மேலே கூரை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள், கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், கருகிப்போன கொள்ளும் பாசிப்பயறும் அங்கே இருந்தன. அதற்கு மேல் அடுக்கில் இரும்பு வருகிறது, இரும்பை உருக்கிய தடயமும் வருகிறது. ஒரே இடத்தில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, கல்லிலிருந்து இரும்புக்கு மாறியிருக்கிறார்கள்.

இன்னும் மேற்கே, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக் காலத் தடயங்களுக்கு கி.மு. 2172 என்று கரிமக் காலக்கணிப்பு வந்ததை 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் 'எவ்வளவு பழசு' என்பதைத்தான் எல்லோரும் பேசினோம். கொல்லன் உலைக்கு யார் கரி சுட்டார்கள், கோடரி முதலில் யார் கைக்குப் போனது, அதை வைத்து யார் காட்டை வெட்டி நிலமாக்கினார்கள் என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை. ஊருக்குள் மேடு பள்ளம் உண்டானது அங்கேதான்.

பையம்பள்ளி மக்கள் தேய்த்தது போன்ற கற்கோடரிகள் இந்த வட்டாரத்தின் நிலங்களில் அவ்வப்போது தலைகாட்டும். உழும்போது கிடைத்ததை மக்கள் தூக்கி எறிவதில்லை. மரத்தடியிலோ கோயில் முன்னாலோ வரிசையாக நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். நாலாயிரம் வருஷத்துக் கோடரி, சாமியாக நிற்கிறது.

முகம் இல்லாத கல்

மலைக்குத் தெற்கே இறங்கினால் செங்கம். அந்தப் பக்கத்து மோட்டூரில், கல்வட்டத்துக்கு நடுவே ஒரு விநோதமான பலகைக் கல் இருக்கிறது. வளைவாக ஒரு தலை, இரண்டு பக்கமும் சரியும் தோள்கள், அவ்வளவுதான். கண் இல்லை, மூக்கு இல்லை, பெயர் இல்லை. தாய்த் தெய்வம் என்கிறார்கள் பலர். ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு முன்னோர் உருவம் என்று எடுத்துக்கொண்டாலும் பொருந்தும்.

இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே செங்கம் வட்டாரத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து எழுந்த வேறு வகைக் கற்களில் முகம் வந்துவிடுகிறது, பெயர் வந்துவிடுகிறது. ராஜாவின் பெயரும் வந்துவிடுகிறது. இடையில் என்ன நடந்தது?

மாடு நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். பக்கத்து ஊர் மந்தையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று இலக்கணமே வகுத்து வைத்திருந்தார்கள். வெட்சிக்குள் 'பாதீடு' என்று ஒரு துறை உண்டு. கவர்ந்து வந்த மாடுகளைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அது.

தலைவன் என்பவன் உருவாகிற இடமாகவே இந்தப் பாதீட்டைப் பார்க்கலாம். சண்டையில் முன்னால் நின்றவனுக்கு எத்தனை, ஒற்று சொன்னவனுக்கு எத்தனை, நல்ல சகுனம் பார்த்துச் சொன்னவனுக்கு எத்தனை என்று ஒருவன் தீர்மானிக்கிறான். அவன் தீர்மானித்ததை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை அவன் கூப்பிட்டால் வருகிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல், ஆகோளில், அதாவது மாடு பிடிச் சண்டையில், இறந்துபோன ஒருவனுக்கு எடுத்தது. பாட்டில் இருந்த மாடு பிடிச் சண்டை வெறும் பாட்டு இல்லை என்பதற்குக் கல்லிலேயே சாட்சி வந்துவிட்டது.

நன்னன் வாசலில் கரடிக்குட்டி

இப்படி வளர்ந்த தலைவர்களில் ஒருவன் செங்கத்திலேயே இருந்தான். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அவனைப் பற்றியது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னன் என்ற அந்தத் தலைவனின் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். அவனுடைய மலை நவிரம், இன்றைய பர்வதமலை. ஆறு சேயாறு. ஜவ்வாது மலையில் பிறந்து வருகிற நம் செய்யாறுதான் அது.

கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. எந்தப் பாறை வழுக்கும், எந்தத் தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தச் சிற்றூரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று இன்றைய கூகுள் மேப்பையும் சாப்பாட்டு வ்லாகையும் சேர்த்த மாதிரி இருக்கும். வழியில் மறவர்களின் பெயர் பொறித்த நடுகற்களைத் தாண்டிப் போக வேண்டும் என்பதும் அதில் வருகிறது.

தொல்லியல் கண்ணோடு படித்தால் முக்கியமான இடம் வேறு. நன்னனின் வாசலில் மலைமக்கள் கொண்டுவந்து வைத்தவற்றைப் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். தாயை இழந்த யானைக்கன்று, கரடிக்குட்டி, காட்டுக்கோழி, மயில், பலாப்பழம், தேன், யானைத் தந்தம்... இது அன்பளிப்பா, வரியா? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று. வரி என்று சட்டமாகிவிடவில்லை. கொடுக்காமல் இருந்துவிடவும் முடியாது. அந்தப் பொருள்களைக் கூத்தர்களுக்கும் பாணர்களுக்கும் அள்ளிக் கொடுத்து அவன் புகழ் வாங்குகிறான். நாகாலாந்துக்காரர் நெல்லைக் கொடுத்து மரியாதை வாங்கிய அதே கணக்கு, கொஞ்சம் பெரிய அளவில்.

செங்கம் ஏன் தலைவர்களுக்குப் பிடித்த இடமாக இருந்தது என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே போதும். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே வேறு குன்றுகள், நடுவே கணவாய். மேற்கே இருந்து திருவண்ணாமலைச் சமவெளிக்கு இறங்குகிற வழி அது. மாட்டு மந்தையோ வணிகரோ படையோ, எது வந்தாலும் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிக்கொண்டதும் இதே செங்கத்தில்தான். செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் 'சேந்தன்' என்று முடியும் பெயருடன் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஈயக் காசுகள் கிடைத்தன. மூவேந்தர் அல்லாத ஒரு வட்டாரத் தலைவன், தன் பெயரில் காசு போட்டிருக்கிறான்.

இந்தக் குறுநிலத் தலைவர்களைப் புலவர்களின் மிகைக் கற்பனை என்று நினைத்தவர்களுக்கு 1981ல் பதில் கிடைத்தது. திருக்கோவிலூர் அருகே, தென்பெண்ணைக் கரை ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குக் குகைத்தளம் கொடுத்ததைச் சொல்கிறது. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன 'சத்தியபுத்திரர்' யார் என்று பல காலமாக நடந்த வாதமும் அதில் முடிந்தது. ஜம்பைக் கல்வெட்டு அதியமானை அந்தப் பட்டத்தோடுதான் அழைக்கிறது.

செத்தவன் கல்லில் ராஜாவின் ஆண்டு

அடுத்த மாற்றம் பல்லவர் காலத்தில். செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராக நடுகற்கள் இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்து, இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில், அடித்தளத்து மனிதர்களின் பெயர்கள் வரிசையாக வருகிற அருமையான தொகுப்பு.

அதில் எல்லோருக்கும் பிடித்துப்போவது எடத்தனூர் நடுகல். கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துபோனான். அவனுடைய நாய் கோவிவன், கள்ளர்களைக் கடித்து அங்கேயே காவல் நின்றது. கல்லில் வீரனும் இருக்கிறான், பின்னால் நாயும் நிற்கிறது. நாயின் பெயரையும் மறக்காமல் பொறித்துவிட்டார்கள்.

நாயின் பாசத்தில் மனம் கரைந்து, கல்லின் முதல் வரிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று தொடங்குகிறது. அதற்குக் கீழே வாணகோ அரைசர் என்ற வட்டாரத் தலைவர். அவருக்குக் கீழே அவருடைய மருமக்களில் ஒருவர். அவருடைய சேவகன்தான் நம் கருந்தேவகத்தி. எருமை காக்கப் போய்ச் செத்த ஒருவனின் கல்லில், காஞ்சிபுரம் வரைக்கும் ஏறுகிற ஏணி முழுசாக இருக்கிறது. பேரரசன் இந்த ஊருக்கு ஒருநாள்கூட வந்திருக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் வருஷத்தை அவன் கணக்கில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், அது போதும்.

பெயரில்லாத கற்திட்டை, முகமில்லாத மோட்டூர்க் கல், வரி போலவும் பரிசு போலவும் பலாப்பழம் குவிந்த நன்னன் வாசல், பிறகு இந்த எடத்தனூர்க் கல். ஒரு மலையைச் சுற்றி வந்தாலே அரசு என்பது எப்படி வந்து சேர்ந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம். உலகத்தில் பல இடங்களில் இதற்கு நாடு விட்டு நாடு போக வேண்டும்.

மலை ஏறியவர்களின் கதை

இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கற்திட்டைகளைத் தங்கள் முன்னோர் கட்டியதாகச் சொல்வதில்லை. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். பிரிட்டிஷ் காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் ஏழு வேளாளப் பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு மீட்கப் புறப்பட்டார்கள். 'நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். பாதி ஆற்றில் நாய்கள் திரும்பிவிட்டன. ஆண்கள் வேடர்களை வென்று ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு ஈமச் சடங்கே முடிந்திருந்தது. ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடர் பெண்களை மணந்துகொண்டு மலையேறி விவசாயம் பார்க்கத் தொடங்கினார்கள்.

எடத்தனூரில் நாய் காத்து நின்றது, இங்கே நாய் திரும்பிப் போனது. இரண்டிலும் நாய்தான் விதியை எழுதுகிறது! அது கிடக்கட்டும். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், தென்கிழக்கு ஆசிய மலைமக்களைப் பற்றி 2009ல் எழுதிய நூலில் ஒரு வாதம் வைத்தார். மலையில் இருப்பவர்கள் நாகரிகம் எட்டாமல் பின்தங்கியவர்கள் இல்லை, அரசின் வரிக்கும் படைக்கும் எட்டாத தூரத்தில் வாழத் தெரிந்தே மேலே போனவர்கள் என்பதே அது. எல்லா மலைக்கும் அது பொருந்தாது என்று அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும், சமவெளியில் செத்தவர்களாகக் கணக்கு முடிக்கப்பட்டவர்கள் மலையில் புதிதாக வாழத் தொடங்கியதாகச் சொல்லும் கதையைக் கேட்கும்போது அவர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதிகாரம் வளர்ந்த கதையைச் சொல்லும்போது, அதைவிட்டு விலகி நடந்தவர்களின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் படித்துச் சொல்ல உதவுகிற கற்களில் பல இன்று சரிந்து கிடக்கின்றன. மூடுகல் நழுவி, பக்கப் பலகை உடைந்து, உள்ளே மண் மட்டும் மிச்சமாக இருக்கும் கற்திட்டைகள் கீழ்செப்பிலியிலும் உண்டு. புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கற்திட்டைகளுக்குப் பழைய சாபம். தோண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பானை ஓடுகளும் எலும்புத் துண்டுகளும்தான். ஏமாற்றத்தில் அவற்றை அள்ளி வெளியே வீசிவிட்டுப் போய்விடுவார்கள். தொல்லியலாளருக்குத் தேவைப்பட்டது அந்த ஓடுகளும் எலும்புகளும்தான். எந்தக் கல்லறையில் எத்தனை பானை, எதில் இரும்பு வாள், எதில் ஒன்றுமே இல்லை என்ற கணக்கை வைத்துத்தான் அந்த ஊரில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று சொல்ல முடியும். ஒரு பலகையை இடம் மாற்றிவிட்டாலே இடுதுளை எந்தத் திசை பார்த்தது என்ற தகவல் போய்விடுகிறது.

செங்கம் பக்கத்து நடுகற்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. அங்கே பல கற்கள் வேடியப்பன் சாமியாகிவிட்டன. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைந்துபோகிறது என்று கல்வெட்டு படிக்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் சாமியான கல்லை யாரும் பெயர்த்து வாசல்படியாகப் போட்டுக்கொள்வதில்லை. குள்ளர் வீட்டுக்குக் கும்பிடு போட ஆளில்லை.